கிறீன் வைத்தியரும் நாட்டு மருத்துவமும்

மேனாட்டு மருத்துவம் பயின்றோர் நாட்டு மருத்துவத்தையும் கற்றல் வேண்டுமா என்னும் வினா யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று.

1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் அக்கல்வி நடைபெற்றது. 'இரண வைத்தியம்' முதலிய நூல்களும் தமிழில் வெளிவந்தன. அதற்கு முன்னும் இம்மண் மருத்துவ நூலற்று இருந்ததன்று. செகராசசேகரம், பரராசசேகரம் என்பன யாழ்ப்பாண மன்னர் பெயரால் வழங்கின.

கிறீனின் நோக்கம் மேனாட்டு முறையை இங்கு வேரூன்றச் செய்தலே. ஆயினும் இந்திய மருந்துச் சரக்குகளை விரித்துரைக்கும் 'இந்து பதார்த்த சாரம்' அவர் முயற்சியால் தமிழில் வந்தது. சரக்கு உள்ளே வந்தது. நாடி பார்த்து வாத பித்த கபம் உரைத்த பரம்பரை வைத்தியரோ புறத்தே நின்றார்.

பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மருத்துவ பீடமும், 1984இல் சித்த மருத்துவப் பிரிவும் தோன்றின. வாயில்கள் இரண்டு; நோயாளரோ இரண்டிலும் புகுபவர். அவர் அருந்தும் கசாயத்தை அறியாது மாத்திரை கொடுப்பின், சிலபோது தீங்கும் விளையும். ஆதலின், ஆராயாது ஏற்றலும் தகாது. அறியாது இகழ்தலும் தகாது. அந்நியராய் வந்தவர் நம் மொழியைக் கற்றார். நம் வைத்தியர் நம் மருந்தைக் கற்றல் அரிதோ?