ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? – ஆளில்லாமல் கிடந்த சபைக் கதிரைகளின் வரலாறு

தெருவிளக்கு எரியேல்லை. வாய்க்கால் அடைச்சுப் போச்சு. சுடலைக்குப் போற றோட்டு பள்ளமும் திட்டியும். ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? ஆட்சி எண்ட ஒன்று கிராமம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை அறிய, இந்தக் கேள்வி ஒன்றே போதும். வடக்கின் பல ஊர்களில் இதற்கு நீண்ட காலம் பதில் இருக்கவில்லை. எப்படி அப்படியானது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குளத்து நீரை எப்போது திறப்பது, வாய்க்காலை ஆர் துப்பரவாக்குவது என்பதையெல்லாம் ஊரவர்களே கூடித் தீர்மானிக்கும் வழக்கம் இலங்கையில் பழையது. பிரித்தானிய ஆட்சியில் அது தளர்ந்தது. வயல்கள் பாழாகவே, 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து அந்த வழக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 1871இல் கிராமக் குழுக்களுக்கான சட்டம் வந்தது. ஆனால் தலைமைக் கதிரையில் அரசாங்க அதிபரே இருந்தார். 1924இல்தான் தேர்தல் மூலம் உறுப்பினர்களைத் தெரியும் முறை வந்தது. இப்படி மெல்ல மெல்ல வளர்ந்ததுதான் எங்கட தாத்தா பாட்டிமார் இண்டைக்கும் சொல்லுற 'கிராமச் சபை'. காசு குறைவு, அதிகாரமும் குறைவு. ஆனால் தவிசாளரின் வீடு எது எண்டு எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சபையை இல்லாமலாக்கியது யுத்தம் இல்லை. ஒரு சட்டம். 1980இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் சட்டம் நிறைவேறியது. அதிகாரத்தைப் பரவலாக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, 1981இல் கிராமச் சபைகளையும் பட்டினச் சபைகளையும் கலைத்து, அவற்றின் வேலைகளை மாவட்ட மட்டத்துக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். தமிழர் பிரச்சினைக்குத் தீர்வாகவும் அதுவே காட்டப்பட்டது. ஆனால் ஊர்க்காரருக்கு ஆட்சி கிட்ட வரவில்லை, இன்னும் தள்ளித்தான் போனது.

புதிய சபைகளுக்கான தேர்தல் 1981 ஜூன் 4ஆம் திகதி. அதற்குச் சில நாட்கள் முன்பு, மே 31 இரவு, யாழ்ப்பாணத்தில் தேர்தல் கூட்டம் ஒன்றில் பொலிசார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பின் பொலிசார் நகரில் வெறியாட்டம் ஆடினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ். பொது நூலகம் எரிந்தது. ஒரு விசயத்தை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அந்த நூலகம் மாநகர சபையின் சொத்து, உள்ளூராட்சி கட்டி வளர்த்த ஒன்று. பாதுகாப்புத் தரவேண்டியவர்களே ஊரின் பொதுச் சொத்தைக் கொளுத்திய பிறகு, வாக்குப்பெட்டியை நம்பச் சொல்லி இளைஞர்களிடம் ஆர் கேட்பது?

ஆனால் கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். அந்த நூலகக் கட்டடத்தை 1959இல் திறந்து வைத்த மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலையில் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகள் அதற்குப் பின்னர் உரிமை கோரினார்கள். 1983 மேயில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். வேட்பாளர்கள் கொல்லப்பட்டார்கள். 15 வருடங்களுக்குப் பிறகு, 1998 ஜனவரியில், யாழ்ப்பாணத்தில் மறுபடி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. மேயரான சரோஜினி யோகேஸ்வரன் அதே வருடம் மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். இரண்டுக்கும் விரல் புலிகளை நோக்கியே நீண்டது. குப்பை அள்ளுவதையும் சந்தையையும் பற்றிப் பேசவேண்டிய கதிரை, உயிரைக் கேட்கும் கதிரையாக மாறிப்போனது.

தெற்கும் தப்பவில்லை. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. சபைகள் 1988இல் உருவாகின. ஆனால் ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய கொடூரமும் நாட்டை உலுக்க, தேர்தல் 1991இல்தான் நடந்தது. இளைஞர்கள் ஏன் ஆயுதம் தூக்கினார்கள் என்று ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. அதையொட்டி, உள்ளூராட்சி வேட்புமனுக்களில் 40 சதவீதம் இளைஞர்களுக்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. ஊர் விசயத்தில் பேச இடமில்லாத இளைஞர்களின் கோபம் வேறு வழி தேடும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

வடக்கின் பெரும்பாலான பிரதேச சபைகளுக்கு யுத்தம் முடிந்து 2011இல் தேர்தல் நடந்தது. புதுக்குடியிருப்பும் கரைதுறைப்பற்றும் அப்போதும் ஒத்திவைக்கப்பட்டன. அந்த மக்கள் தங்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தது 2018 பெப்ரவரியில். 1981இலிருந்து எண்ணிப் பாருங்கோ, 37 வருடம்! ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கலியாணம் கட்டி, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம்.

இவ்வளவு காலமும் அந்த வேலைகளை வேறு ஆக்கள் பார்த்தார்கள். கச்சேரி பார்த்தது, தொண்டு நிறுவனங்கள் பார்த்தன, புலிகளின் நிர்வாகம் பார்த்தது, பிறகு படையினரும் பார்த்தார்கள். யுத்தத்துக்குப் பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல முன்பள்ளிகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் போயின. அங்கே வேலை செய்த ரீச்சர்மாருக்குக் கிடைத்த சம்பளம், மற்ற முன்பள்ளிகளில் கிடைத்த சொற்பக் கொடுப்பனவை விட மிக அதிகம். வறுமைப்பட்ட ஊரில் அதை வேண்டாம் எண்டு ஆர் சொல்லுவினம்? ஆனால் றோட்டையும் முன்பள்ளியையும் தருபவரை நாங்கள் தெரிவு செய்யாதபோது, அது உரிமையாக வருவதில்லை, தயவாகத்தான் வருகிறது.

இது எங்கட கதை மட்டும் இல்லை. நேபாளத்தில் மாவோயிஸ்டுகளின் யுத்தத்துக்கு நடுவே 2002இல் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. யுத்தம் 2006இல் ஓய்ந்தது. அடுத்த உள்ளூர்த் தேர்தல் 2017இல். பாதுகாப்பு எண்டு சொல்லி மூடும் கதவு, பாதுகாப்பு வந்த பிறகும் தானாகத் திறப்பதில்லை. ஒருமுறை ஒத்திவைத்துப் பழகினால் காரணங்களும் மாறிக்கொண்டே போகும். இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் காசில்லை எண்டு நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு நடந்தது 2025 மே 6ஆம் திகதி.

கிராமச் சபைகள் இருந்திருந்தால் யுத்தமே வந்திராது எண்டு நாங்கள் சொல்லவில்லை. அவற்றிலும் சாதியும் பணமும் ஆண்களின் ஆதிக்கமும் இருந்தன. இண்டைக்கும் பிரதேச சபைகளில் சண்டையும் கட்சி மாறலும் குறைவில்லை. ஆனாலும் பிடிக்காத தவிசாளரை நாலு வருடத்தில் மாற்றலாம், பிடிக்காத படை முகாமை அப்படி மாற்ற ஏலாது. 'முதல்ல பாதுகாப்பு, பிறகு சபை' என்று சொல்லப்படும்போதெல்லாம் எங்களுக்கு இந்த 37 வருடக் கணக்கு ஞாபகம் வரவேணும். சொல்லுறதுக்கு ஊருக்குள்ள ஒரு இடம் இருக்கிறதும் பாதுகாப்புத்தான். உங்கட வட்டார உறுப்பினர் ஆர், சபைக் கூட்டம் எப்ப, சோலைவரி எங்க போகுது எண்டு இந்த மாதமே போய்க் கேளுங்கோ.