பிடியரிசி எடுத்த கை

‘பள்ளி’ என்ற சொல்லின் வரலாற்றை வகுப்பில் நடத்தும்போது கழுகுமலையிலிருந்து தொடங்குவேன். அங்குள்ள சமணக் கல்வெட்டுகளில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேரளத்துக்கு வந்தால் ஒரு பாதிரியாரின் பெயரே முன்னால் நிற்கிறது: குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவரா.

1805இல் கைநகரியில் பிறந்த அவர் 1829இல் குருவானார். 1846இல் மன்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளியும் அச்சகமும் தொடங்கினார். கோயில்தோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்குப் பிடியரிசி திரட்டியதும் அவர் பணிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 2014இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

அந்தப் பிடியரிசியில் என் மனம் நின்றுவிடுகிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது அது. என் பாட்டியும் அடுப்படியில் அதற்கென்று ஒரு சிறு கலயம் வைத்திருந்தாள். எடுத்த கை பெண்ணின் கை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டில்தான் அந்தப் பிடி குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வரலாறு அரிசியைத் திரட்டியவரை எழுதியது. எடுத்து வைத்தவளை எழுதவில்லை.

கூனம்மாவில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 1831இல் பிறந்த எலீஸ்வா, கைக்குழந்தையோடு இருபது வயதிலேயே கணவனை இழந்தார். மறுமணம் வேண்டாம் என்றார். பல ஆண்டுகள் வீட்டிலேயே தவம்போல் வாழ்ந்து, பிறகு தம் விருப்பத்தை லியோபோல்ட் பெக்காரோ என்ற இத்தாலியக் குருவிடம் சொன்னார். 1866 பிப்ரவரி 13 அன்று, மூங்கில் தட்டிகளால் கட்டிய மடத்தில் எலீஸ்வா, மகள் அன்னா, தங்கை திரேசியா ஆகியோரோடு கேரளத்தின் முதல் பெண் துறவற சபை பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் அங்கே பெண் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள்.

1890இல் லத்தீன், சிரியன் வழிபாட்டு முறைகளின்படி கன்னியரும் பிரிக்கப்பட்டனர். எலீஸ்வா தாம் தொடங்கிய மடத்தை விட்டு வராப்புழைக்குப் போக நேர்ந்தது. 1913இல் அங்கேயே இறந்தார். அந்த ஒரே மடத்திலிருந்து வந்த இரண்டு சபைகளில் ஒன்று சாவராவை நிறுவனர் என்கிறது, மற்றது எலீஸ்வாவை. 2025 நவம்பரில்தான் எலீஸ்வாவுக்கு முக்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் வந்தது.

சாவராவைச் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. அன்றைய திருச்சபையில் அனுமதியும் இடமும் ஆண்கள் கையில் இருந்தன. அவற்றைப் பெண்களுக்காகப் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அனுமதி தந்தவரே தொடங்கியவரும் ஆகிவிட்டால், விதவையான ஓர் இளம்பெண் ‘எனக்கு வேறு வாழ்க்கை வேண்டும்’ என்று சொன்ன அந்த நாள் எங்கே போகும்?

தேர்வுத்தாளில் ‘நிறுவியவர் யார்?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி வரும். என் மாணவிகள் ஒரு பெயரை எழுதட்டும், மதிப்பெண் வாங்கட்டும். வகுப்பில் மட்டும் இன்னொன்றையும் கேட்கச் சொல்வேன்: அன்று உலை வைத்தது யார்?