ஜென் மடத்து அடுக்களை

நடப்பது, உண்பது, உடுப்பது என எல்லாவற்றையும் விழிப்புடன் செய்வது 'சதிபட்டான சுத்தம்' என்ற பௌத்த நூல் கூறும் பயிற்சி. சீனத்தின் சான் (ஜென்) மடங்களில் உடலுழைப்பும் இதில் சேர்ந்தது.

1223இல் சீனம் சென்ற ஜப்பானியத் துறவி டோகென், தியான்தோங் மடத்தில் 68 வயதுச் சமையல் பொறுப்பாளரைக் கண்டார். கொளுத்தும் வெயிலில், தலையில் தொப்பிகூட இல்லாமல், வளைந்த முதுகோடு அவர் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். ஆள் வைத்துச் செய்யலாமே என்று டோகென் கேட்டதற்கு, பிறர் செய்வது தான் செய்ததாகாது என்றார்.

1227இல் நாடு திரும்பிய டோகென், 1237இல் மடத்துச் சமையலுக்கென்றே 'தென்ஸோ கியோகுன்' என்ற நூலை எழுதினார். அரிசி களையும்போது மணியையும் மணலையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். ஒரு மணியும் வீணாகக் கூடாது. கழுநீரையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிடக் கூடாது. எளிய கீரைக்கும் உயர்ந்த பண்டத்துக்கும் ஒரே அக்கறை வேண்டும் என்கிறது நூல். சமையல் பொறுப்பு மடத்தின் ஆறு நிர்வாகப் பதவிகளுள் ஒன்றாக, தேர்ந்த துறவியருக்கே தரப்பட்டது.

1246இல் அவர் உண்ணும் முறைக்கும் விதி வகுத்தார். கிண்ணங்களை விரிப்பது, ஏந்துவது, உண்டபின் அங்கேயே கழுவித் துணியில் கட்டுவது அனைத்துக்கும் அதில் ஒழுங்கு உண்டு. அவர் நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தில் இவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது.