எஃகுப் பின்னல் பெட்ரோல் ஹோஸ்

ரப்பர் அல்லது டெஃப்லான் உள்குழாயின்மேல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பின்னிச் செய்த எரிபொருள் குழாய். விமானங்களிலிருந்து பந்தயக் கார்களுக்கு வந்தது. ஏ.என். (ஆர்மி-நேவி) அளவில் எண் 6 என்றால் 3/8 அங்குலம்; எண்ணை 16ஆல் வகுத்தால் போதும்.

வெட்டுவதில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. வெட்டும் இடத்தில் டேப்பை மூன்று நான்கு சுற்று இறுக்கிச் சுற்றி, அதன் நடுவே அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடால் நேராக அறுக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் கம்பி நுனிகள் துடைப்பம்போல் விரியும். ஃபிட்டிங்கின் சாக்கெட்டுக்குள் நுழையாது, விரலைக் குத்தும். உள்ளே தங்கிய துகளைக் காற்றடித்து வெளியேற்றாமல் பொருத்தவே கூடாது. அது இன்ஜெக்டரை அடைக்கும். ஹோஸைச் சாக்கெட்டில் செருகி, சாக்கெட் விளிம்பில் ஹோஸின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, ஃபிட்டிங்கின் மறுபாதியான நிப்பிளை எண்ணெய் தடவி உள்ளே முறுக்க வேண்டும். கோடு விலகினால் ஹோஸ் பின்வாங்கிவிட்டது என்று பொருள். கழற்றி மறுபடி பொருத்துவதே சரி. டெஃப்லான் ஹோஸுக்குத் தனி ஃபிட்டிங் வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு, குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதை போன்ற வளைவான சாலைகளில் வண்டி ஓயாமல் அதிரும். அப்போது எஃகுப் பின்னல் பக்கத்து வயரையும் அலுமினியத்தையும் அரம்போல் தின்னும். ஆகவே ரப்பர் வைத்த கிளாம்ப் கட்டாயம். மலையேறுமுன் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும்.