இரும்பை நகையாக்கிய மணல்

பவுண்டரியில் வளர்ந்தவன் கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இரும்புச் சாமானைப் பார்த்தாலும், மணல் அச்சின் மேல் பெட்டியும் கீழ் பெட்டியும் சேர்ந்த கோட்டைத்தான் அது முதலில் தேடும். அந்தக் கோடு அகப்பட்டுவிட்டால் போதும். பேட்டர்ன் (மணலில் பதிக்கும் மாதிரி உருவம்) எப்படிப் படுத்திருந்தது, உலோகம் எந்த வாயில் நுழைந்தது, எங்கே காற்று வெளியேறியது என்பதெல்லாம் தானாக விளங்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நகைக் கூடத்தில் ஒரு கறுப்பு அட்டிகை முன்னால் நின்றபோதும் நான் தேடியது அதைத்தான். கோடு தெரியவில்லை. கொடியும் இலையும் நட்சத்திரமுமாக, தையல் நூல் பருமனில் ஓடிய வேலைப்பாடு. பொன் இல்லை, வெள்ளி இல்லை, கல் இல்லை. பம்பு பாடிக்கும் மில் சக்கரத்துக்கும் நாங்கள் ஊற்றும் வார்ப்பிரும்பின் உறவுக்கார உலோகம்தான். பெயர் பெர்லின் இரும்பு.

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் மோல்டிங் ஷாப்பிலேயே என் ஆயுள் போனது. அங்கே நாலு மில்லிமீட்டர் சுவர் என்றாலே மேஸ்திரி முகம் சுளிப்பார். உலோகம் ஓடி முடிப்பதற்குள் குளிர்ந்து நின்றுவிடும், ‘மிஸ்ரன்’ ஆகிவிடும் என்பார். இந்த நகையிலோ சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதையும் மணலில்தான் வார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த நகையின் வரலாற்றைத் தேடிப் படிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

தொடக்கம் பெர்லினில் இல்லை. அன்றைய பிரஷ்ய நாட்டின் சைலீசியாப் பகுதியில் கிளைவிட்ஸ் என்ற ஊர் இருந்தது. இன்று அது போலந்தில் இருக்கிறது, பெயர் கிளிவிட்சே. சைலீசியாவின் சுரங்கங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ஃபான் ரேடன் இங்கிலாந்துக்குப் போய் இரும்பு உருக்கும் புதிய முறைகளைப் பார்த்துவந்தவர். ஜான் பெய்ல்டன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளரை வரவழைத்து, கரிக்குப் பதில் கோக் எரிக்கும் ஊதுலையை அங்கே எழுப்பினார். 1796இல் அரசு வார்ப்பாலை வேலையைத் தொடங்கியது. ஊற்றியதெல்லாம் பீரங்கி, குழாய், எந்திர பாகம். ஆனால் கையில் நல்ல மணலும் நன்றாக ஓடுகிற இரும்பும் இருக்கிறவனுக்கு ஆசை வராமல் இருக்குமா? பதக்கம், சிலை, முகம் பொறித்த வட்டத்தகடு என்று வார்த்துப் பார்த்தார்கள். 1804இல் பெர்லினிலும் ஓர் அரசு வார்ப்பாலை வந்தது. ஒரானியன்பர்க் வாயிலுக்கு வெளியே, பாங்கே என்ற சிற்றாற்றின் ஓரத்தில். அங்கே புத்தாண்டு வாழ்த்தையே இரும்பில் வார்த்தார்கள். அந்த ஆண்டு அங்கே உருவான கட்டடமோ நினைவுச் சின்னமோ ஒரு சின்னத் தகட்டில் சித்திரமாக இருக்கும். தங்கள் கைத்திறனை ஊருக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. சுமார் 1806இல் நகை செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

இனி மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அரசி, போர், தேசபக்தி என்று போய்விடுகிறார்கள். மணலுக்கு ஒரு வரி ஒதுக்கினால் அதிகம்.

தங்க நகைக்கு மெழுகு வார்ப்பு ஏற்றது. மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பொன்னை ஊற்றுவார்கள். ஒரு மெழுகுக்கு ஒரு நகை. மணல் வேறு வகை. பித்தளையிலோ வெள்ளியிலோ ஒரே ஒரு பேட்டர்னைச் சுத்தமாகச் செய்துவிட்டால், அதை மணலில் அமுக்கி அமுக்கி நூற்றுக்கணக்கில் அச்சு எடுக்கலாம். பெர்லின்காரர்கள் செய்தது அதுதான். முதலில் மெழுகில் செதுக்கி, அதிலிருந்து உலோகப் பேட்டர்ன் எடுத்து, சிற்பியின் உளியால் ஒவ்வொரு நரம்பையும் கூராக்கினார்கள். பேட்டர்னில் இல்லாத கூர்மை வார்ப்பில் வராது என்பது முதல் நாள் வேலைக்கு வருகிற பையனுக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

இரண்டாம் பாடம், பேட்டர்ன் மணலைக் கிழிக்காமல் வெளியே வர வேண்டும். வெளியே வரும் பக்கம் விரிந்து, மணலுக்குள் போகப் போகக் குறுகியிருந்தால்தான் வரும். உள்ளே வளைந்து போகிற பள்ளம் இருந்தால் மணலையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஆகவே பெர்லின் நகையின் துண்டுகள் பெரும்பாலும் முன்பக்கம் மேடுபள்ளமாகவும் முதுகுப்பக்கம் தட்டையாகவும் இருக்கும். ஓவியர் என்னதான் வரைந்தாலும் கடைசியில் மணல் அனுமதித்த வடிவம்தான் கழுத்துக்கு வந்தது. தட்டையான துண்டுகளைக் கொண்டே பருமன் காட்ட ஒரு வழி கண்டார்கள். சின்னச் சின்னத் துண்டுகளாக வார்த்து, ஒன்றுக்கொன்று குறுக்காக வளையமிட்டுக் கோர்த்தார்கள். தூரத்தில் பார்த்தால் சரிகை பின்னியதுபோல் இருப்பது அதனால்தான்.

மணலும் நம் பம்பு பாடி மணல் இல்லை. களிமண் இயல்பாகவே கலந்த, மாவைப்போல் நைந்த மணல். பவுண்டரிக்கு வருகிற புதியவனிடம் நான் செய்யச் சொல்வது, ஒரு பிடி மணலை எடுத்து இறுக்கிப் பிடித்து, பிறகு நடுவில் ஒடித்துப் பார்ப்பது. ஒடிந்த முனை கூராக நின்றால் ஈரம் சரி. உதிர்ந்தால் போதாது. உள்ளங்கை நனைந்தால் அதிகம். அதிக ஈரம் என்றால் உலோகம் பட்டதும் நீராவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும், அதாவது ப்ளோ ஹோல். பம்பு பாடியில் ஒரு ப்ளோ ஹோல் விழுந்தால் அடைத்து ஒப்பேற்றலாம். இலை நரம்பில் விழுந்தால் அந்தத் துண்டு போயிற்று. இடிப்பதிலும் அளவு வேண்டும். தளர்வாக இடித்தால் உருவம் மழுங்கும். கெட்டியாக இடித்தால் காற்றுக்கு வழி இல்லை. இந்த நடுநிலையைப் புத்தகம் கற்றுத்தராது, கை பழகித்தான் வர வேண்டும். இரும்புச் சரிகை ஒவ்வொன்றிலும் அப்படிப் பழகிய ஒரு கை இருந்திருக்கிறது.

அடுத்தது இரும்பு. எங்கள் தொழிலில் பாஸ்பரஸ் என்றால் பகை. அது கூடினால் வார்ப்பு மொறுமொறுவென்று உடையும். லேப் ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் ஏறியிருந்தால் அந்த ஹீட்டையே, அதாவது அந்தத் தடவை உருக்கிய உலோகம் முழுவதையும், ஒதுக்கிவைத்த நாட்கள் உண்டு. பெர்லின் நகையின் உயிரே அந்தப் பாஸ்பரஸ்தான். சதுப்பு நிலத்தில் கிடைக்கும் இரும்புத் தாதுவில் அது நிறைய இருக்கும். பாஸ்பரஸ் சேர்ந்த இரும்பு முழுவதும் உறைந்து முடிய ஏறத்தாழ 950 டிகிரிவரை இறங்க வேண்டும். அதுவரைக்கும் உள்ளே கொஞ்சம் திரவம் இருந்துகொண்டே இருக்கும். மயிரிழைப் பள்ளத்துக்குள்ளும் நுழைந்து, அடிமூலை வரை போய் நிறையும். விலையாகக் கொடுத்தது உறுதியை. இந்த நகையைக் கல்தரையில் போட்டால் கண்ணாடி மாதிரி தெறிக்கும், வளைத்து நிமிர்த்த முடியாது. பீரங்கிக்கு ஆகாத இரும்பு தோட்டுக்கு ஆகும் என்று கண்டவன் பெயர் எந்த ஏட்டிலும் என் கண்ணில் படவில்லை. அவன் பெரிய உலோகவியலாளன்.

வார்த்து உடைத்து எடுத்த துண்டுகளை அரத்தால் தேய்த்து, சூடாக்கி, ஆளிவிதை எண்ணெயும் விளக்குக் கரியும் சேர்ந்த பூச்சு கொடுப்பார்கள். அந்த மங்கல் கறுப்பு அப்படி வந்தது. துருவிலிருந்து காப்பும் அதுவே.

இந்தக் கறுப்பை நாடு முழுவதும் அணியவைத்தது காலம். 1806 அக்டோபரில் நெப்போலியன் பெர்லினுக்குள் நுழைந்தான். பிரஷ்யா தோற்றுச் சுருங்கியது. மக்கள் பெரிதும் நேசித்த அரசி லூயிஸ் 1810 ஜூலை 19 அன்று 34 வயதில் இறந்தார். துக்கத்துக்கு மினுமினுக்காத நகை வேண்டும். கறுப்பு இரும்பு பொருந்திப்போயிற்று. 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போர் மூண்டபோது, மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் இரும்புச் சிலுவை என்ற விருதை ஏற்படுத்தினார். அறிவிப்பில் இட்ட தேதி மார்ச் 10, மறைந்த அரசியின் பிறந்த நாள். கட்டடக் கலைஞர் கார்ல் ஃபிரீட்ரிஷ் ஷிங்கெல் வடிவம் கொடுத்தார். நடுவில் கறுப்பு வார்ப்பிரும்பு, சுற்றிலும் வெள்ளி விளிம்பு. அதே மாதம் இளவரசி மரியன்னே நாட்டுப் பெண்களை நோக்கி, போர்ச் செலவுக்கு உங்கள் பொன் நகைகளைத் தாருங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார். கொடுத்தவர்களுக்கு இரும்பு மோதிரம் கிடைத்தது. ‘இரும்புக்காகப் பொன் தந்தேன்’ என்ற வாசகமும் 1813 என்ற ஆண்டும் அதோடு சேர்ந்து நிலைத்துவிட்டன.

நகையைக் கழற்றிக் கொடுப்பது எப்படிப்பட்டது என்று நம் வீடுகளுக்கும் தெரியும். 1962இல் சீனப் போர் வந்தபோது, தேசிய பாதுகாப்பு நிதிக்கு வளையலும் சங்கிலியும் கொடுத்த பெண்கள் தமிழ்நாட்டிலும் இருந்தார்கள். ஆகவே அந்தப் பிரஷ்யப் பெண்களின் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். அருங்காட்சியகத்தில் பார்க்கிற எல்லா இரும்பு நகையும் தங்கத்துக்கு மாற்றாகக் கொடுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. நகை அதற்கு முன்பே இருந்தது. தங்கத்துக்குப் பதிலாகக் கொடுத்த மோதிரங்கள் எளியவை. சரிகை அட்டிகைகளும் கோதிக் தேவாலய ஜன்னல் போன்ற காதணிகளும் பெரும்பாலும் போர் முடிந்த பிறகு, பணம் கொடுத்து ஆசையாக வாங்கியவை. பாரிஸ்காரர்களும் அதே பாணியில் வார்த்தார்கள். போரில் எதிரியாக இருந்த நாட்டின் பெண்களும் அதை அணிந்தார்கள் என்றால், அது தேசபக்தியால் விற்ற பொருளாக இருக்க முடியாது. வேலைப்பாட்டால் விற்றது. மூலப்பொருளுக்கு விலையே இல்லாத நகை இது. கொடுத்த காசெல்லாம் கைக்குத்தான்.

அந்தக் கைகளில் சிலவற்றுக்குப் பெயர் உண்டு. யோஹான் கான்ராட் கைஸ், சிமெயோன் பியர் தெவரான் இருவரும் பெர்லினில் சொந்தமாகப் பட்டறை வைத்து நடத்தியவர்கள். துண்டுகளின் முதுகில் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். அதுவும் பேட்டர்னிலேயே வெட்டிய எழுத்து, மணல் வழியாக இரும்புக்கு வந்தது. லியோன்ஹார்ட் போஷ் சின்ன வட்டங்களில் முகங்களைச் செதுக்கினார். மணலை இடித்தவர்கள், கரண்டியைத் தூக்கி ஊற்றியவர்கள், நுனி ஒடியாமல் அரம் போட்டவர்கள் பெயரில்லாமல் போனார்கள். எங்கள் ஊரிலும் நேம் பிளேட்டில் கம்பெனி பெயர்தான் இருக்கும். ஆனால் அங்கே ஊற்றியது நகை. அதற்காவது பெயர் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

ரைன் நதிக்கரைப் பக்கம் சைன் என்ற ஊரின் வார்ப்பாலை 1815இல் பிரஷ்யாவின் கைக்கு வந்தது. அங்கே ஓர் ஈயை வார்த்தார்கள். வீட்டு ஈயின் அளவில், இறகும் காலுமாக ஓர் இரும்பு ஈ. அதை ஊசியில் பொருத்தி உடையில் குத்திக்கொண்டார்கள். அதன் படத்தைக் கைப்பேசியில் எங்கள் பழைய ஷாப்பில் ஒரு பையனுக்குக் காட்டினேன்.

“அய்யா, இது டை காஸ்டிங்ங்களா?”

“இல்ல கண்ணு, மணல்.”

“நம்ம கிரீன் சாண்டாங்க? காலு எப்படிங்க நெரம்புச்சு?”

கேட்டான் பாருங்கள், அதுதான் சரியான கேள்வி.

இந்தத் தொழில் இறங்கிய விதத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1850 வாக்கில் மோகம் வடிந்துவிட்டது. எந்திரத்தில் அடித்த மலிவு நகைகள் வந்தன. கைஸின் மகன் மோரிட்ஸ் கைஸே துத்தநாக வார்ப்புக்கு மாறி, ஷிங்கெலின் கட்டடங்களுக்கு அலங்காரங்கள் வார்த்துப் பெயர் வாங்கினார். துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும், துருப்பிடித்து உதிராது, வேலை எளிது. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டறையில் ஆட்களை வைத்துக் கூலி கொடுத்தவனுக்கு அந்தக் கணக்கு புரியும். பெர்லின் அரசு வார்ப்பாலையும் 1874இல் மூடியது. இன்வலீடன் தெருவில் அது இருந்த நிலத்தில் இன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நிற்கிறது. டைனோசர் எலும்புக்கூட்டைப் பார்க்க வரும் குழந்தைகளின் காலடியில் ஒரு காலத்தில் நம்மைப் போன்றவர்கள் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வார்ப்பாலையில் ஷிங்கெல் வடிவில் வார்த்த போர் நினைவுச் சின்னம், 1821இல் திறந்தது, கிரோய்ட்ஸ்பெர்க் குன்றின்மேல் இப்போதும் நிற்கிறது.

அசலையும் நகலையும் பிரித்தறியவும் மணலே உதவுகிறது. வார்ப்பிரும்பு உறைந்து குளிரும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். பழைய நகையையே பேட்டர்னாக வைத்து மறுபடி வார்த்தால் வருவது சற்றுச் சிறியதாகவும் மழுங்கலாகவும் இருக்கும். அடுத்த நகல் இன்னும் சிறுக்கும். அளவுகோல் வைத்தால் தெரிந்துவிடும்.

வீட்டில் தொடங்க நினைக்கிறவர்கள் இரும்பைத் தொட வேண்டாம். 1,200 டிகிரிக்கு மேல் சூடாக்க உலை வேண்டும், பழகியவர்கள் பக்கத்தில் வேண்டும். வெள்ளி 961 டிகிரியில் உருகும், கேஸ் டார்ச்சும் மூசையும் போதும். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் கலந்த நைந்த மணலை வாங்கிக்கொண்டால் நீராவித் தொல்லை இல்லை. முதுகு தட்டையான ஒரு வேப்பிலையோடு தொடங்கலாம். பேட்டர்ன்மேல் கரித்தூளை மெல்லிய துணியில் கட்டித் தட்டுங்கள், மணல் ஒட்டாது. ஊற்றும் வாயை இலையின் காம்புப் பக்கம் வையுங்கள், நுனிப் பக்கம் காற்று போக ஊசியால் வழி விடுங்கள். நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தயங்கினால் உலோகம் பாதியில் உறையும். உலோகம் படுகிற எதிலும் ஈரம் இருக்கக்கூடாது, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகே போகக்கூடாது.

எனக்கு மட்டும் இரும்பிலேயே வார்த்துப் பார்க்கும் எண்ணம் இருக்கிறது. சிறிய பவுண்டரி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வாரக் கடைசியில் உலை அணைப்பதற்கு முன் ஒரு கரண்டி உலோகம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கரண்டியில் கொஞ்சம் ஃபெரோ பாஸ்பரஸ் சேர்க்க வேண்டும். அதைக் கேட்டதும் நண்பர், எத்தனை வருடம் பாஸ்பரஸ் வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டார். பேட்டர்னை நகை ஆசாரி ஒருவர் வெள்ளியில் செய்துகொண்டிருக்கிறார். ஓரங்களைக் கொஞ்சம் சாய்த்து எடுங்கள், நேராக விட்டால் மணலிலிருந்து கிளம்பாது என்று அவரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அந்த ஈயைப் பற்றிக் கேட்ட பையனைத்தான் மணல் இடிக்கக் கூப்பிட்டிருக்கிறேன்.