நாவலரும் சமயக் கல்வியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சைவர் கோயில் வழிபாட்டிற் குறைவுடையரல்லர். வழிபடும் முறைக்குப் பொருள் யாதென வினவின், விடைகூற வல்லார் சிலரே. ஆறுமுக நாவலர் கண்ட குறை இதுவேயாம்.

இதனைக் காணும் கண்ணை அவருக்கு அளித்தது மிசன் பாடசாலை. 1822இல் நல்லூரிற் பிறந்த அவர், வெசுலியன் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். அச்சுநூலும் வகுப்பும் பிரசங்கமும் ஒரு சமயத்தை எளியோரிடத்துக் கொண்டுசெல்லும் வகையை உள்ளிருந்தே நோக்கினார். மாற்றாரின் கருவியென அவற்றைத் தள்ளினாரல்லர்.

1847 திசெம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலே மிசன் உத்தியோகத்தைத் துறந்து, சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரமும் கொணர்ந்தார்.

திண்ணைப் பள்ளி மாணாக்கன் நிகண்டையும் நீதிநூலையும் நெட்டுருப் பண்ணினான். பொருள் பின்னர் விளங்கும்; விளங்காமலும் போகும். நாவலரின் பாலபாடமோ எழுத்து, சொல், சிறு வாக்கியம் எனப் படிப்படியாய் ஏறி, நான்காம் புத்தகத்திற் கடவுள், ஆன்மா, கொலை, கள்ளுண்ணல் முதலியன பற்றிய கட்டுரைகளை மாணாக்கன் கையிற் கொடுத்தது. சைவ வினாவிடை, மிசனாரின் வினாவிடை முறையையே சைவத்துக்கு ஆக்கிற்று. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தால், செய்யுளாய்ப் புலவரிடத்தே தங்கிய அடியார் வரலாறு, எழுத்தறிந்த எவரும் தாமே படிக்கத்தக்கதாயிற்று.

எவரும் எனினும், எல்லாரும் அல்லர். நாவலர் சாதி வரம்பை உடன்பட்டவர். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறாருக்கு அவர் பள்ளி திறந்திருக்கவில்லை. அவர்களுள் எழுத்தறிந்தோர் பெரும்பாலும் மிசன் பள்ளிகளையே நாட நேர்ந்தது. நாவலரைப் போற்றும் நூல்கள் பல இதனை விரைந்து கடந்து செல்கின்றன. அது தகாது.

ஆங்கிலக் கல்வியையும் சைவச் சூழலில் அளித்தல் வேண்டுமென எண்ணி, 1872இல் ஓர் ஆங்கிலப் பாடசாலையும் தொடங்கினார். பொருள் முட்டுப்பாட்டால் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1879இல் நாவலர் மறைந்தார். 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை, 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை நடத்தத் தொடங்கிற்று.