கிழவிக்கும் ஒரு கழகம் வேண்டும்!



“வயசான காலத்தில் பெண்ணுக்குப் பலம் குடும்பமே” என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். குடும்பம் வேண்டும், மறுக்கவில்லை. அது மட்டும் போதுமா? தோழமையும் வேண்டும் என்கிறது எங்கள் அணி. சாட்சிக்கு, தமிழில் சிரிக்கச் சிரிக்கப் பேசிய கிழவிகளையே கூப்பிடுகிறேன்.

முதல் சாட்சி ஔவை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறாள். அவன் ஆயுதசாலையைத் திறந்து காட்டுகிறான். “அடடா, மாலை போட்டு, நெய் பூசி, பளபளன்னு வச்சிருக்கீங்களே! பாவம், எங்க ஆளு ஆயுதமெல்லாம் முனை முறிஞ்சு கொல்லன் பட்டறையிலே கிடக்கு” என்கிற கருத்தில் பாடுகிறாள். புறநானூறு, 95-ஆம் பாட்டு. பாராட்டு மாதிரி ஒரு குத்து! (சிரிப்பு)

அந்தச் சங்க ஔவை கிழவி என்று இந்தப் பாட்டு சொல்லவில்லை. பின்னால் வந்த கதைகள்தான் அவளுக்குக் கம்பும் நரையும் கொடுத்தன. 1953-இல் ஜெமினி எடுத்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அந்த உருவத்தை நம் மனசில் நிறுத்திவிட்டார். ராஜாவை முகத்துக்கு நேரே கிண்டல் பண்ண ஒரு பெண்ணுக்கு நரைத்த தலை வேண்டியிருந்தது போலும்! அந்தத் துணிச்சலுக்கு முதுகெலும்பு எது? அதியமானின் நட்பு. அவன் இறந்தபோது அழுது பாடியவளும் ஔவைதான்.

இரண்டாவது சாட்சி நம்ம கரிசல் பூமிக்காரி. இடைசெவல் கி. ராஜநாராயணன் எழுதி 1976-இல் வந்த ‘கோபல்ல கிராமம்’. நகைச்சுவை நாவல் என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் குறும்பு ஓடும். அதிலே மங்கத்தாயாரு அம்மாள், வயசு 137! தெலுங்கு தேசத்திலிருந்து முன்னோர் தப்பி வந்த கதையைச் சொல்கிறாள். வீடே வாய் பிளந்து கேட்கிறது. கேட்க ஆள் இருக்கு, சரி. “ஆமாடி, எனக்கும் ஞாபகம் இருக்கு” என்று சொல்ல, 137 வயசில் சமவயசுக்காரி எங்கே இருப்பாள்? தம்பி, குடும்பத்தால் கொடுக்க முடியாத ஒன்று அது! (கைதட்டல்)

மூன்றாவது சாட்சி, சீதாப்பாட்டி. ஜலகண்டாபுரத்தில் 1932-இல் பிறந்த ஜ.ரா. சுந்தரேசன், தாய் பாக்கியம், தந்தை ராமசாமி இருவர் பெயரையும் சேர்த்து ‘பாக்கியம் ராமசாமி’ ஆனார். 1960-களில் குமுதத்தில் அவர் படைத்த ஜோடிதான் அப்புசாமி - சீதாப்பாட்டி, ஜெயராஜ் ஓவியம். ‘அப்புசாமியும் ஆப்பிரிக்க அழகியும்’ போன்ற நாவல்களாகவும் வளர்ந்தார்கள். அதுவரை கிழவி என்றால் மூலையில் முனகுகிற மாமியார். இங்கே தலைகீழ். அசடு வழிகிறவர் தாத்தா. இங்கிலீஷ் பேசி ஊரை ஆள்கிறவர் பாட்டி. தாத்தாவுக்கு ரசகுண்டு, பீமாராவ் என்று கூட்டாளிகள். பாட்டிக்கோ ஒரு கட்சியே உண்டு: பாட்டிகள் முன்னேற்றக் கழகம், பா.மு.க.! (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் பாட்டிக்கு ஏன் கழகம் தேவைப்பட்டது? ஆம்பிளைக்குப் பால்ய சிநேகிதன் அதே தெருவில், அதே டீக்கடையில் கிடைப்பான். பெண்ணுக்கு? சேர்ந்து களையெடுத்தாள், பருத்தி எடுத்தாள். ஒருத்தியை அருப்புக்கோட்டையில் கொடுத்தோம், இன்னொருத்தியைத் திருச்சுழியில் கொடுத்தோம். கல்யாணத்தில் தாலி ஏறியது, தோழமை அறுந்தது. அதனால்தான் ஆயுள் முழுக்கத் தொடர்கிற பெண் நட்பு நம் சிரிப்பு நாவல்களில் அபூர்வம். நரைத்த பிறகு சீதாப்பாட்டி அதைத் தேடிக்கொண்டார். எழுதியவர் 2017-இல் மறைந்தார், பாட்டி மறையவில்லை.

ஆகவே தாய்மார்களே, உங்கள் வீட்டுக் கிழவி “அவளை ஒரு தடவை பார்த்துட்டு வரணும்” என்றால், “இந்த வயசிலே எதுக்கு?” என்று கேட்காதீர்கள். பஸ் ஏற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது பத்து வயசு குறைந்து வருவாள். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்களுக்கே தாருங்கள்! (கைதட்டல்)